கூப்பிட்டால் கேட்குமா?

அமைதி தருவதற்கென்றே ஒரு கலைப்படைப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில் வரிசையில் நிற்பவர்கள் அல்லர். கொஞ்ச காலமாக என்னைக் குடைந்துகொண்டிருக்கும் எண்ணம் இது. ஓர் இடத்தையே படைப்பாக மாற்றும் நிறுவல் கலைதான் என் தொழில் என்பதால் இதை ஒதுங்கி நின்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வழியில்லை. ஒரு வேலையை ஒப்புக்கொண்டு, வரைபடம் போட்டு, ஆணி அடித்து, துணி கட்டி முடித்த பிறகும் இந்த எண்ணம் அடங்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

வடசென்னையில் ஒரு கல்லூரி. தேர்வுப் பிரிவுக்கு முன்னால் நீளமான வராந்தா. கான்கிரீட் கூரை, மொசைக் தரை, ஒரு பக்கம் இரண்டு ஜன்னல்கள், மறுபக்கம் இரும்புக் கிராதி. பக்கத்துச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து கிராதியை எப்போதோ பிளாஸ்டிக் தகடு வைத்து அடைத்திருந்தார்கள். செமஸ்டர் நெருங்கினால் அங்கே நிற்க இடம் இருக்காது. அரியர் பாடங்களுக்குப் பணம் கட்ட வந்தவர்கள், ஹால் டிக்கெட்டில் அப்பா பெயர் தவறாக அச்சானதால் வந்தவர்கள், வருகைப் பதிவு குறைந்து அபராதம் கட்டச் சொல்லப்பட்டவர்கள், மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளில் ஓடி வந்தவர்கள். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கமிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்தில் அம்மாவுக்குக் கூட நின்றுவிட்டு வருகிறவர்களும் உண்டு. டோக்கன் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். மதியம் ஒரு மணிக்கு ஜன்னலை மூடிவிடுவார்கள். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

இந்த வராந்தாவில் பிள்ளைகள் அழுவதையும் மயங்கி விழுவதையும் பார்த்த முன்னாள் மாணவர்கள் சிலர், மனத்தை ஆற்றும் விதமாக இங்கே ஏதாவது செய்துகொடுங்கள் என்று என்னைக் கேட்டார்கள். நல்ல மனசோடு கேட்டார்கள். அவர்களிடம் ஒரு திட்டமும் இருந்தது. வராந்தாவின் ஒரு முனையை இருட்டறையாக்கி, நான்கு சுவரிலும் காடும் அருவியும் ஓடவிட்டு, நீல வெளிச்சமும் புல்லாங்குழலும் மழைச் சத்தமும் சேர்க்க வேண்டும். உள்ளே நுழைந்தால் வெளியுலகமே மறந்துபோக வேண்டும்.

குழுவில் இருந்த ஒரு பேராசிரியை ரோஜர் உல்ரிக் 1984ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் எழுதிய ஆய்வைப் படித்திருந்தார். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை உல்ரிக் ஒப்பிட்டார். பாதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே மரங்கள், மீதிப் பேரின் ஜன்னலுக்கு வெளியே செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துப் படுத்திருந்தவர்கள் சற்று முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலிமருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அருமையான ஆய்வு, நானும் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த நோயாளிக்குப் படுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அவர் எதையும் தவறவிட்டுவிட மாட்டார். கையில் டோக்கனோடு நிற்கும் இருபது வயதுப் பெண்ணின் நிலை அதுவல்ல. போதாததற்கு, உல்ரிக்கின் ஜன்னலுக்கு வெளியே நின்றது உண்மையான மரம். சுவரில் ஓடும் காட்டை அதன் இடத்தில் வைத்துப் பேச எனக்குத் துணிவில்லை.

நீல நிறத்தைப் பற்றியும் குழுவில் வெகுநேரம் பேசினோம். ஒரு நிறம் எல்லோரையும் ஒரே மாதிரி அடக்கிவிடும் என்ற நம்பிக்கைக்கு வயது அதிகம். 1979இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு கடற்படைச் சிறையின் அறைக்கு இளஞ்சிவப்பு அடித்துப் பார்த்தார்கள். கைதிகளின் ஆவேசம் தணிந்தது என்று செய்தி பரவி, அந்தச் சாயத்துக்கு அங்கிருந்த இரண்டு அதிகாரிகளின் பெயரைச் சேர்த்து பேக்கர் மில்லர் பிங்க் என்று பெயரும் வைத்தார்கள். பின்னாளில் ஒழுங்காகச் சோதித்தபோது அந்த விளைவு தேறவில்லை. 2015இல் வெளியான சுவிஸ் சிறை ஆய்விலும் இளஞ்சிவப்பு அறைக்கும் வெள்ளை அறைக்கும் வேறுபாடு தெரியவில்லை. நிறத்துக்குச் சக்தி உண்டு, நான் அதை வைத்துத்தான் பிழைக்கிறேன். ஆனால் அந்தச் சக்தி பார்ப்பவரின் வாழ்க்கையோடு பிணைந்தது. டப்பாவில் அடைத்து எல்லோருக்கும் ஒரே அளவில் ஊற்ற முடியாது.

மழைச் சத்தம்தான் எனக்கு மிகவும் நெருடியது. உலகம் முழுக்கத் தூக்கம் வரவழைக்கும் செயலிகளில் மழை பெய்துகொண்டிருக்கிறது. புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் இரவில் மழை வலுத்தால் யாரும் தூங்குவதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அந்த வராந்தாவில் ஒரு மாணவியிடம் பதிவுசெய்த மழையைக் கேட்கக் கொடுத்தேன். ஒரு காதில் வைத்துக் கேட்டவள், "மழை என்றால் முதலில் சர்டிபிகேட் பையைப் பரணில் ஏற்றுவோம் அக்கா" என்றாள். அவளுக்கு அது துயரமான செய்தி இல்லை, வீட்டு வழக்கம். எனக்குத்தான் அந்தப் பதிவை மறுபடி ஓடவிட மனம் வரவில்லை.

டோக்கனோடு நின்றவன்

இருந்தாலும் இருட்டறையைச் சோதிக்காமல் தள்ளிவிடுவது முறையில்லை என்று, கறுப்புத் துணி கட்டி ஒரு மாதிரி அறை எழுப்பினோம். காடு வேண்டாம் என்று குழுவைச் சம்மதிக்க வைத்திருந்தேன். மெதுவாக நிறம் மாறும் ஒளி மட்டும். உள்ளே தரை விரிப்பு, சாய்ந்துகொள்ளத் திண்டு. அழகாகவே வந்திருந்தது. மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள், சிலர் உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்தார்கள். உட்காருங்கள் என்று சொன்னாலும் யாரும் உட்காரவில்லை.

மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவன் ஒருவன் திரைச்சீலையை ஒரு கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றான். உடம்பில் பாதி உள்ளே, பாதி வெளியே. இன்னொரு கையில் டோக்கன். சின்ன அட்டைத் துண்டு அது. விரலால் உருட்டி உருட்டி ஓரம் பஞ்சுபோல் ஆகியிருந்தது. உள்ளே போகலாமே தம்பி என்றேன். "உள்ளே உட்கார்ந்திருந்தால் கூப்பிடுவது கேட்குமா அக்கா?" என்று கேட்டான். கேட்காதுதான். கேட்கக் கூடாது என்பதற்காகத்தானே இரண்டு அடுக்குத் துணி கட்டியிருக்கிறோம். அவன் பதிலுக்குக் காத்திராமல் திரையை விட்டுவிட்டு ஜன்னலுக்கு அருகே போய், கூட்டத்தோடு கூட்டமாக நின்றுகொண்டான்.

இந்தக் கேள்விக்குப் பிறகு நான் போட்ட வரைபடம் எதுவும் முன்னைப்போல் இல்லை. சூழ்ந்துகொள்ளும் கலையின் புகழ்பெற்ற படைப்புகளை நினைத்துப் பாருங்கள். 2003இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் ஓலஃபர் எலியாசன் என்ற கலைஞர் ஒரு செயற்கைச் சூரியனை ஏற்றிவைத்தபோது மக்கள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கூரைக் கண்ணாடியில் தங்களையே பார்த்தார்கள். அவர்கள் அதற்கென்றே நேரம் ஒதுக்கி வந்தவர்கள். எழுந்து போகும்வரை எதுவும் அவர்கள் கைவிட்டுப் போகாது. காத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. அவருடைய காது ஜன்னலை விட்டு அகலாது. அந்தக் காதை அடைத்தால் மனம் அடங்காது. இன்னும் கூர்மையாகக் கேட்க முயலும். வெளியுலகத்தை மறக்கச் செய்வதுதான் அமைதி என்ற நம் கலையுலக நம்பிக்கை, வெளியே நடப்பதில் தன் ஒரு வருடப் படிப்பே தொங்கிக்கொண்டிருக்கும் மாணவனிடம் செல்லாது.

பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்கென்று ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். அதைப் பற்றிப் பேசும்போது அவர் சொன்ன நிபந்தனை இப்போது எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிகிறது. அறிவிப்பு வந்தால் இடையில் நிறுத்த முடிகிற இசையாக அது இருக்க வேண்டும். மனிதர்கள் பேசும் குரலின் சுருதிப் பகுதியை விட்டு ஒதுங்கி ஒலிக்க வேண்டும். பயணியின் காதுக்கு அறிவிப்புதான் முக்கியம் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு வழிவிட்டு அமைத்த இசை அது. ஓர் இசைக்கலைஞர் தன் படைப்பை இப்படிப் பணிவோடு வைக்க முடியுமென்றால் ஒளியையும் துணியையும் வைத்து வேலை செய்யும் என்னாலும் முடிய வேண்டும்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் நின்று பழகியவர்களுக்கு இதில் இன்னொரு உண்மையும் தெரியும். கேட் மூடியிருப்பதைவிட, இன்னும் எத்தனை வண்டி போக வேண்டும் என்று தெரியாததுதான் ஆளைக் கொல்லும். ஒரு சரக்கு வண்டிதான் பாக்கி என்று யாராவது சொல்லிவிட்டால் அதே வெயிலில் அதே கூட்டம் வண்டியை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்துவிடும். டேவிட் மைஸ்டர் 1985இல் காத்திருப்பின் உளவியலைப் பற்றி எழுதியபோது இதையேதான் சொன்னார்: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும், காரணம் சொல்லப்படாத காத்திருப்பும் அப்படித்தான். எனவே அந்த வராந்தாவில் முதல் கலைப்பொருள் வரிசையேதான் என்று முடிவுசெய்தேன்.

மெத்தை, வலை, கிரைண்டர்

இரைச்சலில் இருந்து ஆரம்பித்தோம். ஜன்னலில் கூப்பிடும் எண் வராந்தாவின் பாதியிலேயே குழம்பிப் போனதால்தான் எல்லோரும் முன்னால் முண்டியடித்தார்கள். இந்தச் சிக்கலைத் தீர்த்த வித்தையும் ஒரு கல்லூரியில்தான் பிறந்தது. 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சு எதுவும் விளங்கவில்லை. ஒலி ஐந்து விநாடிக்கும் மேல் அடங்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. வாலஸ் சபீன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து நாடக அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் தூக்கிவந்து, ஓர் ஆர்கன் குழாயை ஊதவிட்டு, கடிகாரத்தில் நேரம் பார்த்து, மெத்தை கூடக்கூட ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று அவர் அளந்தார். ஒலியை உறிஞ்சும் திறனுக்கு அவர் வைத்துக்கொண்ட அலகு திறந்த ஜன்னல். ஜன்னல் வழியே போன ஒலி திரும்பி வராது அல்லவா!

இதைப் படித்திருந்த எனக்கு அந்தப் பிளாஸ்டிக் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் கை துறுதுறுத்தது. முழுவதும் பிடுங்கினால் லாரிச் சத்தமும் புழுதியும் உள்ளே வரும். எனவே மேல் வரிசைத் தகடுகளை மட்டும் கழற்றச் சொன்னோம். கூரையில் முட்டிக்கொண்டிருந்த ஒலியோடு வெக்கையும் வெளியேறியது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் பஞ்சுத் திண்டுகள் வைத்தோம். புளியந்தோப்பில் மெத்தை தைக்கும் பாய் ஒருவர் அவற்றைத் தைத்துக் கொடுத்தார். சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி மாட்ட வேண்டும் என்றபோது, "சுவர் ஈரத்துக்கும் அதுதான் நல்லது, பஞ்சு கட்டிப் போகாது" என்றார். நான் அந்த இடைவெளியைக் கேட்டது ஒலிக்காக. அவருக்கு அது பஞ்சுக்காக. கூப்பிடும் எண் இப்போது வராந்தாவின் கடைசி வரை தெளிவாகப் போகிறது. ஒளியோ இசையோ சேர்ப்பதற்கு முன்பே கூட்டம் ஜன்னலை விட்டு இரண்டடி பின்வாங்கியது. இதை வேலையின் பாதி வெற்றியாக எண்ணுகிறேன்.

தலைக்கு மேல் வலை. காசிமேட்டில் கழித்துப்போடும் நைலான் வலையை வாங்கிவந்து கட்டலாம் என்றுதான் பலரும் சொன்னார்கள், படத்துக்கும் நன்றாக இருக்கும். நைலான் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். 2004இல் கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை எரிந்து 94 குழந்தைகள் இறந்த மாநிலத்தில், மாணவர்கள் தலைக்கு மேல் எதைக் கட்டினாலும் முதல் யோசனை அதுவாகத்தான் இருக்க வேண்டும். பருத்திக் கயிற்றில் புதிதாகப் பின்னச் சொன்னேன். காசிமேட்டில் வலை சரிசெய்யும் பெரியவர் ஒருவர் பின்னினார். இடக்கையில் ஒரு தட்டைக் குச்சி, வலக்கையில் கயிறு சுற்றிய ஊசி. குச்சியைச் சுற்றிக் கயிற்றை இழுத்து முடிச்சிட்டு, குச்சியை உருவினால் ஒரு கண். எந்தக் கண்ணும் அளவு மாறுவதில்லை, அவர் குச்சியைப் பார்ப்பதும் இல்லை. பின்னி முடித்த வலையை ஏழு பங்கு வெண்காரமும் மூன்று பங்கு போரிக் அமிலமும் கரைத்த தண்ணீரில் நனைத்துக் காயவைத்தோம். பருத்தியில் தீ பரவுவதை இந்தக் கரைசல் தடுக்கும். துவைத்தால் போய்விடும், மறுபடி நனைக்க வேண்டும். இதைக் கல்லூரிக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன்.

வலையின் கண்களில் மல் துணிப் பட்டைகள் தொங்குகின்றன. அவற்றுக்கு மேல், வராந்தாவின் வாசலில் தொடங்கி ஜன்னல் வரை மஞ்சள் சாய்ந்த விளக்குகள். ஊழியர் ஒரு டோக்கனை முடித்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் ஒளி ஒரு கை அளவு ஜன்னலை நோக்கி நகரும். ஒவ்வொரு தூணிலும் எண்கள் எழுதியிருப்பதால், தன் எண்ணுக்கு ஒளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது எங்கே உட்கார்ந்திருந்தாலும் தெரியும். அது மின்னுவதில்லை. விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் வெளிச்சம் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். மற்றவர்களுக்கும் அது பதற்றம்தான். இது தேநீர் நிறத்தில் ஒரு பக்கம் வற்றி மறுபக்கம் ஊறும்.

ஒலியைத் தேடியபோது மாணவர்களிடமே கேட்டேன். எந்தச் சத்தம் கேட்டால் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றும்? கடலுக்குப் போன படகின் இன்ஜின் திரும்பி வரும் சத்தம் என்றான் ஒருவன். அக்காவின் தையல் மெஷின் என்றாள் ஒருத்தி. பலர் சொன்னது மாலையில் மாவரைக்கும் கிரைண்டர். எதிர்வீட்டு அக்காவின் கிரைண்டரைப் பதிவுசெய்தேன். அரிசி நொறுங்கும் ஆரம்பக் கரகரப்பை விட்டுவிட்டு, மாவு பொங்கிக் கல் வழுக்கிச் சுற்றும் கடைசிப் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். பேச்சுக்குக் கீழே அடங்கி நிற்கும் தாழ்ந்த ரீங்காரம் அது. பொத்தானை அழுத்தினால் அது மெல்லத் தணிந்து வழிவிடும், எண்ணைக் கூப்பிடுவார்கள், பிறகு மீண்டும் எழும். பலருக்கு இது கிரைண்டர் என்றே தெரியாது. தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை.

மூச்சோடு சேர்ந்து விரிந்து சுருங்கும் ஒளிவட்டம் ஒன்றும் வேண்டும் என்று குழு கேட்டது. நிமிடத்துக்கு ஆறு முறை மூச்சுவிட்டால் இதயத் துடிப்பு நிதானப்படும் என்பது உண்மைதான். ஆனாலும் மறுத்துவிட்டேன். ஆலைகள் சூழ்ந்த மணலியின் காற்றில் வளர்ந்து இழுப்பு மருந்தைப் பையில் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் உன் மூச்சைக் கவனி என்று ஒரு சுவர் சொல்லக் கூடாது. ஊதுவத்தி வேண்டாம் என்றதும் இதனால்தான்.

விளக்கின் கீழே ஒரு பலகை

வடசென்னைக்குச் சொந்தமான ஓர் அமைதி இருக்கிறது. அதை நான் கலைக் கல்லூரியில் படிக்கவில்லை, எங்கள் தெருக் கேரம் கிளப்பில் பார்த்தேன். உலகப் பட்டம் வென்ற வியாசர்பாடி இளவழகியும், 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தங்கம் வென்ற வண்ணாரப்பேட்டை காசிமாவும் இப்படிப்பட்ட இடங்களின் பிள்ளைகள். சின்ன அறை, வெளியே ஆட்டோ, உள்ளே பேச்சு, பலகைக்கு மேலே தாழத் தொங்கும் ஒரு விளக்கு. ஸ்ட்ரைக்கரை வைத்ததும் ஆடும் பிள்ளையின் உடம்பு அப்படியே நிலைத்துவிடும். யாரும் அறையை இருட்டாக்கவில்லை, யாரும் சத்தத்தை நிறுத்தவில்லை. கண்ணுக்கு ஒரு வெளிச்சமும் கைக்கு ஒரு வேலையும் இருந்தன, அவ்வளவுதான்.

அந்த மாணவன் உருட்டிக்கொண்டிருந்த டோக்கன் என் நினைவில் இருந்ததால், திண்டுகளுக்கு முன்னால் இடுப்பு உயரத்தில் முடியாத ஒரு வலையைக் கட்டினோம். பக்கத்தில் துணிப் பட்டைகள். எம்.சி. ரோடு ஜவுளிக் கடைகளில் மீந்துபோன வெட்டுத் துணி. காத்திருப்பவர் விரும்பினால் ஒரு பட்டையை எடுத்து ஒரு கண்ணில் முடிச்சிடலாம். எதையும் எழுத வேண்டாம், ஆசை சொல்ல வேண்டாம். முதல் வாரம் வண்ணம் பார்த்துக் கட்டினார்கள். பிறகு பார்க்காமலே கட்ட ஆரம்பித்தார்கள், கண் மேலே நகரும் ஒளியில் இருந்தது. முடிச்சு நிறைந்ததும் அலுவலக உதவியாளர் அண்ணன் வலையை அவிழ்த்து, பட்டைகளைப் பிரித்து, மறுபடி கூடையில் போடுகிறார். ஒரு காட்சிப்பொருளாக அதைப் பாதுகாக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். அவிழ்ப்பதுதான் சரி என்பது என் கட்சி.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரியர் கட்டணத்தை எந்த விளக்கும் குறைக்காது, கடைசித் தேதியை எந்தத் துணியும் தள்ளிப்போடாது. இதைச் செய்துவிட்டு, இரண்டு ஜன்னல் போதும், மூன்றாவது வேண்டாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தால் நானே வந்து வலையைக் கழற்றுவேன் என்று குழுவிடம் கோபமாகவே சொல்லியிருக்கிறேன். அழகைக் காட்டிக் காத்திருப்பை நீட்டிக்கும் வேலைக்கு என் கையைத் தர மாட்டேன். உட்காரப் பலகையும், குடிக்கத் தண்ணீரும், ஓடும் மின்விசிறியும் இந்தத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே எழுதப்பட்டவை. அவற்றைத் தனியாகப் பிரித்துவிட்டு, கலை மட்டும் போதும் என்று கேட்ட இன்னொரு இடத்துக்கு முடியாது என்று பதில் எழுதிவிட்டேன்.

திறப்பு விழா முடிந்து பல நாள் கழித்து, ஜன்னலுக்கு உள்ளே உட்காரும் ஊழியர் அம்மா ஒருவர் என்னை அழைத்தார். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கிறவர், நாள் முழுக்கக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர். "வெளியே எல்லாம் நன்றாக இருக்கிறதும்மா. எங்கள் பக்கம் ஒன்றுமே செய்யவில்லையே, ஏன்?" என்று கேட்டார். உள்ளே போய்ப் பார்த்தேன். பழைய சோக் வைத்த டியூப்லைட்டுகள். நம் மின்சாரத்தில் அவை விநாடிக்கு நூறு முறை அணைந்து எரிபவை, கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் ஓர் அலுவலகத்தில் அப்படிப்பட்ட விளக்குகளை மாற்றியபோது தலைவலியும் கண்வலியும் பாதிக்கு மேல் குறைந்ததாக 1989இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. மேசைக்கு மேலே கூரை வரை கோப்புகள். முதுகுக்குப் பின்னால் சுவர், அவருடைய குரல் அவருக்கே திரும்பி அடிக்கிறது. டியூப்லைட்டுகளை மாற்ற ஒப்புதல் வாங்கியாகிவிட்டது. பாயிடம் இன்னும் நான்கு திண்டுகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கி வைத்தால் அவர் கத்த வேண்டியதில்லை. எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு சத்தம் வைப்பது என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். பருவத் தேர்வுக் கட்டணம் தொடங்குவதற்குள் முடித்தாக வேண்டும்.